காலா அசார்: ஓயாத காய்ச்சலும் பெருத்த மண்ணீரலும் சேர்ந்து வந்தால்

மூன்று வாரமாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. மலேரியா இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லிவிட்டது. டைஃபாய்டாக இருக்கலாம் என்று ஒரு சுற்று மருந்தும் கொடுத்தாயிற்று. ஆனாலும் ஆள் நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே போகிறார். வயிற்றில் கை வைத்தால் இடப்பக்கம் கெட்டியாக, அமுக்கினாலும் வலிக்காமல், ஏதோ ஒன்று தட்டுப்படுகிறது. இப்படி ஒருவர் வந்து உட்கார்ந்தால், எந்தப் பரிசோதனை எழுதலாம் என்று யோசிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்த இரண்டு வருஷத்தில் எந்தெந்த ஊரில் தங்கியிருந்தீங்க?"

காலா அசார் என்னும் உள்ளுறுப்பு லீஷ்மேனியா நோயில் இந்தக் கேள்விக்கான பதில்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நோயைச் சந்தேகிக்கலாமா, ரத்தப் பரிசோதனைக் கிட் காட்டும் முடிவை எவ்வளவு நம்பலாம், எந்த மருந்து, எத்தனை நாள் என்று எல்லாமே தொற்றிய இடத்தைப் பொறுத்து மாறும். மருந்து கொடுக்காமல் விட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் இறந்துபோகும் நோய் இது. சரியாகக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். புதிதாக இந்த நோயாளிகளைப் பார்க்கப் போகும் மருத்துவர், செவிலியர், லேப் டெக்னீஷியன் மூவருக்கும் சேர்த்தே இதை எழுதியிருக்கிறோம்.

தொற்றிய இடம்

லீஷ்மேனியா ஒட்டுண்ணியைப் பரப்புவது மணல் ஈ. இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், கொசு போல ரீங்கரிக்காது, சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். கடித்ததே பலருக்குத் தெரியாது என்பதால் "பூச்சி கடித்ததா" என்று கேட்டுப் பயனில்லை. எங்கே தூங்கினார் என்று கேளுங்கள்.

இந்தியாவில் பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் 54 மாவட்டங்களை நோய் நிலைகொண்ட பகுதிகளாகக் கணக்கில் வைத்திருக்கிறார்கள். நேபாளத்திலும் உண்டு. வங்கதேசம் 2023 அக்டோபரில், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்த நோயை ஒழித்த முதல் நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழைப் பெற்றது. ஆனால் அங்கும் நோயாளியே இல்லை என்று அதற்குப் பொருளில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவில் சூடான், தென் சூடான், எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா, உகாண்டா. இந்த இரண்டு வட்டாரங்களிலும் லீஷ்மேனியா டோனோவானி என்ற இனம், பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே போகிறது. மத்தியதரைக் கடல் நாடுகளிலும் பிரேசிலிலும் லீஷ்மேனியா இன்ஃபான்டம் என்ற வேறு இனம். அதன் இருப்பிடம் நாய்.

ஈ கடித்த நாளிலிருந்து காய்ச்சல் தொடங்க வழக்கமாக 2 முதல் 6 மாதம் ஆகும். சிலருக்கு வருடங்கள்கூட ஆகலாம். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் ஊர் விட்டு ஊர் போனவர்கள், ராணுவத்தினர், சுற்றுலா போய் வந்தவர்கள் ஆகியோரிடம் இப்போதைய முகவரியை மட்டும் எழுதிக்கொண்டால் நோய் கையைவிட்டுப் போய்விடும். நோயே இல்லாத ஊரின் மருத்துவமனையில்தான் இது அதிகம் தவறவிடப்படுகிறது. அங்கே யாருக்கும் நினைவுக்கு வராது. இத்தனைக்கும் இந்த ஒட்டுண்ணியை 1903-ல் அடையாளம் கண்ட இருவரில் ஒருவரான சார்லஸ் டோனோவன், சென்னை பொது மருத்துவமனையில் வேலை பார்த்தவர்.

கையால் பார்ப்பது

இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல், பெருத்த மண்ணீரல், எடை இழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் சந்தேகம் உறுதியாகிறது. கூடவே ரத்தசோகை, வெள்ளை அணுக்கள் குறைவு, தட்டணுக்கள் குறைவு. மூன்று அணுக்களும் ஒன்றாக இறங்கியிருப்பது நல்ல தடயம். ஆல்புமின் குறைந்து குளோபுலின் ஏறியிருக்கும். சூடான் பக்கத்து நோயாளிகளுக்குக் கழுத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கும். இந்திய நோயாளிகளிடம் அது அரிது. தோல் கருத்திருப்பதால்தான் 'காலா அசார்', கருங்காய்ச்சல், என்று பெயர் வந்தது. ஆனால் தோல் கருக்கவில்லை என்பதற்காக நோயில்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

மண்ணீரலைத் தொட்டுப் பார்ப்பதில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுண்டு. இடது விலா எலும்புக்கு நேர் கீழே கையை வைத்துத் தேடுவார்கள். தொப்புளைத் தாண்டிப் பெருத்த மண்ணீரலின் மேலேயே அந்தக் கை உட்கார்ந்திருக்கும். விளிம்பு தட்டுப்படாததால் "பெருக்கவில்லை" என்று எழுதிவிடுவார்கள். வலது அடிவயிற்றிலிருந்து தொடங்கி, நோயாளி ஒவ்வொரு முறை மூச்சை இழுக்கும்போதும் இடது விலாவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகருங்கள். விளிம்பு விரலில் இடித்ததும் பேனாவால் குறியுங்கள். விலா ஓரத்திலிருந்து மண்ணீரலின் நுனிவரை டேப்பால் அளந்து சென்டிமீட்டரில் எழுதுங்கள். "மிதமான வீக்கம்" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த உபயோகமும் இல்லை.

இதே தோற்றத்தில் வரும் பிற நோய்கள்: நாள்பட்ட மலேரியா, உடல் முழுக்கப் பரவிய காசநோய், டைஃபாய்டு, புருசெல்லா, ரத்தப் புற்றுநோய், கல்லீரல் சுருக்கத்தால் வரும் மண்ணீரல் வீக்கம். குழந்தைகளிடம் இன்னொரு சிக்கல் உண்டு. காலா அசாரே ரத்த அணுக்களை விழுங்கும் ஹீமோஃபேகோசைட்டிக் நிலையைத் தூண்டிவிடும். ஃபெரிட்டின் எகிறியிருக்கும். அந்தப் பெயரை மட்டும் எழுதிவிட்டு எட்டோபோசைடு போன்ற வீரிய மருந்தைத் தொடங்கும் முன், எலும்பு மஜ்ஜை ஸ்லைடில் லீஷ்மேனியா இருக்கிறதா என்று ஒருமுறை தேடச் சொல்லுங்கள். இருந்தால் அந்தக் குழந்தைக்குத் தேவைப்படுவது முதலில் வேறு மருந்து.

ஆர்கே39 கிட்

விரல் நுனி ரத்தத்தில் செய்யும் இந்த அட்டைப் பரிசோதனை, தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகிறது, ஒட்டுண்ணியை அல்ல. இந்த ஒரு வேறுபாட்டை மறந்தால் கிட் ஏமாற்றிவிடும்.

செய்முறை எளிது. உறையைச் சோதனைக்குச் சற்று முன்புதான் கிழிக்க வேண்டும். ஈரக்காற்றில் கிடந்த அட்டை வீணாகிவிடும். ஸ்பிரிட் நன்றாகக் காய்ந்த பிறகு விரலைக் குத்தி, கிட்டோடு வரும் குழாயால் அது சொல்லும் அளவு ரத்தத்தை எடுங்கள். தயாரிப்பைப் பொறுத்து அது 10 அல்லது 20 மைக்ரோ லிட்டர் இருக்கும். உரிய இடத்தில் வைத்து, அதே பெட்டியில் வந்த பஃபரைச் சொட்டுக் கணக்கில் விடுங்கள். வேறு கிட்டின் பஃபரோ சலைனோ தண்ணீரோ கூடாது. சிலவற்றை 10 நிமிடத்தில் படிக்க வேண்டும், சிலவற்றை 20 நிமிடத்தில். கையில் உள்ள கிட்டின் தாளைப் பார்த்து அந்த நேரத்துக்குக் கடிகாரத்தை வைத்துவிடுங்கள். நேரம் கடந்து படித்தால் இல்லாத கோடு தோன்றும்.

கட்டுப்பாட்டுக் கோடு வரவில்லையென்றால் பரிசோதனை செல்லாது, புதிய அட்டையில் திரும்பச் செய்யுங்கள். பரிசோதனைக் கோடு மங்கலாகத் தெரிந்தாலும் அது பாசிட்டிவ்தான். மங்கல் கோட்டைச் சந்தேகத்தில் நெகட்டிவ் என்று எழுதுவது லேப்களில் அடிக்கடி நடக்கிறது. வெளிச்சத்தில் பிடித்து இரண்டு பேராகப் பாருங்கள்.

இனி, முடிவை எப்படி நம்புவது என்பது. இந்தியத் துணைக்கண்டத்தில் தொற்றியவர்களில் நூற்றுக்கு 97 பேரை இந்தக் கிட் பிடித்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவில் அது 85 அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே சூடானிலிருந்து வந்தவரிடம் மூன்று அறிகுறிகளும் இருந்து கிட் நெகட்டிவ் என்றால் கதை முடியவில்லை. டாட் என்னும் திரட்சிப் பரிசோதனையோ ஊசி வழி மாதிரியோ தேவை. எச்ஐவி உள்ளவர்களிடமும் எதிர்ப்பொருள் குறைவாக இருப்பதால் நெகட்டிவை நம்ப முடியாது.

மறுபக்கம், பாசிட்டிவும் பொய் சொல்லும். நோய்ப் பகுதியில் வாழும் ஆரோக்கியமானவர்களில் கணிசமானவர்கள் ஒருகாலத்தில் தொற்றி, நோய் வராமலே தப்பித்தவர்கள். அவர்கள் ரத்தத்திலும் கோடு வரும். அதனால்தான் காய்ச்சலும் மண்ணீரல் வீக்கமும் இல்லாதவருக்கு இந்தப் பரிசோதனையைச் செய்யவே கூடாது. முன்பு காலா அசார் வந்து குணமானவருக்கு எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் தங்கியிருக்கும். அவருக்கு மறுபடி காய்ச்சல் வந்தால் கிட் எதையும் சொல்லாது. நோய் திரும்பியதா என்பதை ஒட்டுண்ணியைக் கண்ணால் பார்த்தோ, அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் செய்தோதான் முடிவுசெய்ய வேண்டும்.

ஊசி வழி மாதிரி

மண்ணீரல் மாதிரியில் 93 முதல் 99 சதவீதம்வரை ஒட்டுண்ணி கிடைக்கும். எலும்பு மஜ்ஜையில் 53 முதல் 86, நெறிக்கட்டியில் 53 முதல் 65. மண்ணீரலில் ஊசி போட்டு மாதிரி எடுப்பது ஏன் எல்லா இடத்திலும் செய்யப்படுவதில்லை என்றால், ஆயிரத்தில் ஒருவருக்கு உயிருக்கே ஆபத்தான உள் ரத்தக்கசிவு வரலாம். ரத்தம் ஏற்றவும் அவசர அறுவை சிகிச்சைக்கும் வசதியில்லாத இடத்தில், நேரில் பழகாத கையால், இதைத் தொடவே வேண்டாம். எலும்பு மஜ்ஜையே பத்திரம்.

செய்யக் கூடாத நிலைகள் தெளிவானவை: தட்டணுக்கள் 40,000-க்குக் கீழே, ரத்தம் உறைவதைக் காட்டும் புரோத்ராம்பின் நேரம் கட்டுப்பாட்டைவிட 5 விநாடிக்கு மேல் நீண்டிருப்பது, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வருவது, மஞ்சள் காமாலை, கர்ப்பம், விலா ஓரத்துக்குக் கீழே 3 சென்டிமீட்டர்கூட இறங்காத மண்ணீரல், மூச்சை அடக்கி அசையாமல் படுக்க முடியாதவர். பெரியவர்களுக்கு 21 கேஜ் ஊசி, குழந்தைகளுக்கு 23, 5 மி.லி. சிரிஞ்சு. உறிஞ்சியபடி உள்ளே போய் அதே கோணத்தில் வெளியே வருவது ஒரு விநாடிக்குள் முடிய வேண்டும். ஊசி மண்ணீரலுக்குள் நிற்கும்போது நோயாளி மூச்சு விட்டால் உறை கிழிகிறது, அதுதான் ஆபத்தின் காரணம். ஊசிக்குள் ஒட்டிய சிறு துளியே போதும். சிரிஞ்சு நிறைய ரத்தம் வந்தால் மாதிரி நீர்த்துவிட்டது என்று அர்த்தம். பிறகு 12 மணி நேரம் படுக்கையிலேயே இருக்க வேண்டும். முதல் 4 மணி நேரம் அரைமணிக்கு ஒருமுறையும், அடுத்த 6 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஸ்லைடைக் காற்றில் உலர்த்தி, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம் ஏற்றுங்கள். சாயத்தைக் கலக்கும் நீரின் அமிலகாரத்தன்மை 7.2 இருக்கட்டும். எண்ணெய் லென்ஸில் ஆயிரம் மடங்கில் பார்க்கும்போது தேட வேண்டியது 2 முதல் 4 மைக்ரான் அளவுள்ள முட்டை வடிவ உருவம். அதற்குள் வட்டமாக ஒரு உட்கருவும், அதன் பக்கத்தில் சிறு கோல் போல, இன்னும் அடர்த்தியாகச் சாயமேறிய கைனெட்டோபிளாஸ்ட் ஒன்றும் இருக்க வேண்டும். இரண்டும் தெரிந்தால்தான் லீஷ்மேனியா என்று எழுதலாம். தட்டணு ஒன்று வெள்ளை அணுவின் மேல் ஒட்டியிருந்தாலும், சாயத்தூள் படிந்திருந்தாலும், முதல் பார்வைக்கு அப்படியே இருக்கும். ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சையும் அதே அளவில் அதே அணுவுக்குள் உட்கார்ந்திருக்கும். ஆனால் அதற்குக் கோல் கிடையாது, சுற்றிலும் வெளிறிய வளையம் இருக்கும். இல்லை என்று எழுதும் முன் ஆயிரம் புலங்களைப் பார்த்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எழுதிய "இல்லை"க்கு மதிப்பில்லை.

மருந்துக்கு முன்

எடை. நோயாளி சொல்லும் எடை அல்ல, இன்று காலை மெஷினில் ஏற்றிப் பார்த்த எடை. மூன்று மாதக் காய்ச்சலில் பத்துக் கிலோ குறைந்தவரின் பழைய எடைக்கு மருந்து போட்டால் அளவு மிகையாகிவிடும்.

எச்ஐவி பரிசோதனை அனைவருக்கும். ரத்த அணுக்கள், கிரியேட்டினின், பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனைகள், மலேரியா, காசநோய்க்கான கேள்விகளும் மார்பு எக்ஸ்ரேயும். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை. இவர்கள் பெரும்பாலும் காலா அசாரால் நேரடியாக இறப்பதில்லை. நிமோனியா, வயிற்றுப்போக்கு, காசநோய், ரத்தக்கசிவு, கடும் ரத்தசோகை ஆகியவைதான் கொண்டுபோகின்றன. காமாலை, கால் வீக்கம், மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு, நடக்க முடியாத பலவீனம் இவற்றில் ஒன்று இருந்தாலும், இரண்டு வயதுக்குக் கீழோ 45-க்கு மேலோ இருந்தாலும், உள்நோயாளியாகச் சேர்த்து நெருக்கமாகக் கவனியுங்கள். ஒட்டுண்ணி மருந்தோடு ஆன்டிபயாடிக்கையும் சத்துணவையும் சேர்த்தே தொடங்க வேண்டியிருக்கும்.

எந்த மருந்து

இந்தியத் துணைக்கண்டத்தில் தொற்றியவருக்கு, லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி, கிலோவுக்கு 10 மி.கி., ஒரே ஒரு தடவை. இந்தியாவில் 2014 முதல் முதல்வரிசைச் சிகிச்சை இதுதான். இது கிடைக்காத இடத்தில் மில்டெஃபோசினும் பரோமோமைசினும் சேர்த்து 10 நாள்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தொற்றியவருக்கு அந்த ஒற்றை டோஸ் போதாது. அங்கே சோடியம் ஸ்டிபோகுளுக்கோனேட் கிலோவுக்கு 20 மி.கி., பரோமோமைசின் கிலோவுக்கு 15 மி.கி., இரண்டும் சேர்த்து 17 நாள் ஊசி. மில்டெஃபோசினும் பரோமோமைசினும் 14 நாள் கொடுத்தாலும் ஏறத்தாழ அதே பலன் என்பது அங்கு நடந்த ஆய்வில் தெரிந்தது. நோய் முற்றியவர், கர்ப்பிணி, வயதானவர் ஆகியோருக்கு லிப்போசோமல் மருந்தைப் பல நாளாகப் பிரித்து மொத்தம் கிலோவுக்கு 30 மி.கி. வரை.

மத்தியதரைக் கடல் பகுதியிலும் தென் அமெரிக்காவிலும் தொற்றியவருக்கு அதே லிப்போசோமல் மருந்து நாளுக்குக் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. வீதம், மொத்தம் கிலோவுக்கு 18 முதல் 21 மி.கி.

பீகாரில் பலன் கொடுத்த அளவைத் தென் சூடானின் ஜூபாவிலிருந்து வந்தவருக்குப் போட்டுவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்று சொல்வது மருந்தின் குற்றமல்ல. முதல் கேள்விக்கான பதிலைக் கேஸ் ஷீட்டின் மேலேயே பெரிதாக எழுதிவைக்கச் சொல்வது இதற்குத்தான்.

லிப்போசோமல் மருந்தை ஏற்றும் முறை

முதலில் பெட்டியைப் படியுங்கள். 'லிப்போசோமல்' என்ற சொல் இருக்கிறதா? சாதாரண ஆம்ஃபோடெரிசின் பி-யும் 50 மி.கி. குப்பியில்தான் வருகிறது, அதுவும் மஞ்சள் தூள்தான். அதன் உச்ச அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 1.5 மி.கி. அதை 10 மி.கி. கணக்கில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். குப்பியை உடைக்கும் முன் இரண்டு பேர் தனித்தனியாகப் பெயரை உரக்கப் படிப்பது வார்டின் விதியாக இருக்கட்டும். குப்பிகள் 25 டிகிரிக்கு மேல் சூடாகாமலும் உறையாமலும் இருந்திருக்க வேண்டும்.

38 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் கணக்கிட்டுப் பார்ப்போம். கிலோவுக்கு 10 மி.கி. என்றால் 380 மி.கி. குப்பிக்கு 50 மி.கி. வீதம் 7.6, ஆக 8 குப்பிகள். ஒவ்வொன்றிலும் ஊசிக்கான சுத்த நீர் 12 மி.லி. விடுங்கள். சலைன் விடவே கூடாது. உப்பு பட்டதும் மருந்து திரிந்து படிந்துவிடும். நீர் விட்ட கையோடு குறைந்தது அரை நிமிடம் வேகமாகக் குலுக்குங்கள். மெதுவாகச் சுழற்றினால் கட்டிகள் அப்படியே நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் துகளில்லாத, ஒளி ஊடுருவும் மஞ்சள் கலவை தெரிய வேண்டும். தூளும் சேர்ந்து குப்பிக்கு 12.5 மி.லி. ஆகியிருக்கும், 1 மி.லி.யில் 4 மி.கி. இருக்கிறது. நமக்கு வேண்டியது 95 மி.லி. ஏழு குப்பிகளில் முழுதாக 12.5 மி.லி. வீதம் 87.5, எட்டாவதிலிருந்து 7.5 மி.லி.

5 சதவீத குளுக்கோஸ் 250 மி.லி. பாட்டிலிலிருந்து 95 மி.லி. எடுத்துக் கொட்டிவிட்டு, குப்பியோடு வரும் 5 மைக்ரான் வடிகட்டியைச் சிரிஞ்சில் பொருத்தி, மருந்தை அதன் வழியாகப் பாட்டிலுக்குள் செலுத்துங்கள். இப்போது 1 மி.லி.யில் சுமார் 1.5 மி.கி. இந்த அடர்த்தி 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு 0.2 முதல் 0.5. கலந்த பாட்டிலை 6 மணி நேரத்துக்குள் ஏற்றத் தொடங்கிவிட வேண்டும்.

கேனுலாவில் முன்பு சலைன் ஓடியிருந்தால் குளுக்கோஸ் விட்டுக் கழுவுங்கள். புதியவர்கள் மறப்பது இதைத்தான். பாட்டிலில் சரியாகக் கலந்த மருந்து குழாயில் திரிந்து அடைத்துக்கொள்ளும். முதலில் 1 மி.கி. அளவுக்குப் பத்து நிமிடம் விட்டு நிறுத்தி, அரைமணி நேரம் கவனியுங்கள். ஒன்றும் இல்லையென்றால் மீதியை 2 மணி நேரத்தில் ஏற்றலாம். 20 சொட்டுக்கு 1 மி.லி. விழும் டிரிப் செட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு.

தொடங்கிய ஐந்து நிமிடத்துக்குள் நெஞ்சு இறுக்கம், விலாப்பக்க வலி, முகம் சிவத்தல் வரலாம். நிறுத்துங்கள், ஒவ்வாமையைத் தணிக்கும் ஊசி போடுங்கள், தணிந்ததும் மெதுவான வேகத்தில் தொடருங்கள். நடுக்கமும் காய்ச்சலும் வந்தால் வேகத்தைக் குறைத்து பாராசிட்டமால் கொடுங்கள். முகம் வீங்கி, இழுப்பு வந்து, ரத்த அழுத்தம் விழுந்தால் அது வேறு விஷயம். உடனே அட்ரினலின் போடுங்கள், அந்த மருந்து அவருக்கு இனி வேண்டாம். கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஏற்றிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும். பொட்டாசியம் இறங்குவது சத்தமில்லாமல் நடக்கும். முந்தைய நாளிலிருந்தே நன்றாக நீர் குடிக்க வைத்தால் சிறுநீரகம் தாங்கிக்கொள்ளும்.

மற்ற மருந்துகளில் கவனிக்க வேண்டியவை

மில்டெஃபோசின் மட்டும்தான் வாய்வழி மருந்து. 12 வயதுக்கு மேல், 25 கிலோவுக்கு மேல் என்றால் காலையும் இரவும் 50 மி.கி., 25 கிலோவுக்குக் கீழே நாளுக்கு ஒரு 50 மி.கி., 2 முதல் 11 வயதுவரை நாளுக்குக் கிலோவுக்கு 2.5 மி.கி. சாப்பாட்டுக்குப் பிறகே. வாந்தியும் பேதியும் வருவதால் வீட்டுக்குப் போனதும் விட்டுவிடுகிறார்கள், நேரில் பார்த்துக் கொடுப்பதே நல்லது. கருவைச் சிதைக்கும் மருந்து இது. கர்ப்பிணிக்குக் கூடவே கூடாது. மற்றப் பெண்கள் மருந்து முடிந்தும் 5 மாதம்வரை கருத்தடை முறை கடைப்பிடிக்க வேண்டும். கண் சிவந்து வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே நிறுத்திக் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஸ்டிபோகுளுக்கோனேட் 1 மி.லி.யில் 100 மி.கி. ஆன்டிமனி இருக்கிறது. 30 கிலோவுக்கு நாளொன்றுக்கு 6 மி.லி. இதயத்தையும் கணையத்தையும் தாக்கும். இசிஜியில் க்யூடி இடைவெளி 0.5 விநாடியைத் தாண்டினால் நிறுத்துங்கள். பொறுக்க முடியாத வயிற்றுவலியும் வாந்தியும் வந்தால் கணைய அழற்சி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 850 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்ற பழைய உச்சவரம்பு இப்போது இல்லை. அளவு குறைத்தும் இடையில் நிறுத்தி நிறுத்தியும் கொடுத்ததும் சேர்ந்துதான் வட பீகாரில் இந்த மருந்து செல்லாக்காசாகிப்போனது. அங்கே தொற்றியவருக்கு இதைத் தொடவே வேண்டாம். பரோமோமைசின் காதையும் சிறுநீரகத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டிய ஊசி.

கர்ப்பிணிக்கு லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின்தான் ஒரே பத்திரமான வழி. தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் போகக்கூடும் என்பதால் சிகிச்சையைப் பிரசவம்வரை தள்ளிப்போடக் கூடாது.

எச்ஐவியும் சேர்ந்திருந்தால் ஒற்றை டோஸ் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னபடி, லிப்போசோமல் மருந்து கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 1, 3, 5, 7, 9, 11 ஆகிய நாட்களில், கூடவே மில்டெஃபோசின் நாளுக்கு 100 மி.கி. தெற்காசியாவில் மில்டெஃபோசின் 14 நாள், கிழக்கு ஆப்பிரிக்காவில் 28 நாள். எச்ஐவி மருந்தைத் தள்ளிப்போடாமல் தொடங்குங்கள். அப்படியும் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். நோய் திரும்பாமலிருக்கத் தடுப்பு மருந்தும் தொடர வேண்டியிருக்கும்.

குணமானதை எப்படிச் சொல்வது

ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அடுத்த காலா அசார் மருந்தைத் தேடும் முன், நிமோனியா, காசநோய், சிறுநீர்த் தொற்று, ஊசி போட்ட இடத்துச் சீழ் ஆகியவற்றைத் தேடுங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். பசி திரும்பும், எடை ஏறும், ஹீமோகுளோபினும் தட்டணுக்களும் வாரக்கணக்கில் மேலே வரும். மண்ணீரல் மெதுவாகத்தான் சுருங்கும். மிகவும் பெருத்திருந்தால் பல மாதங்கள் ஆகும். சென்டிமீட்டரில் அளந்து எழுதியது இப்போதுதான் கைகொடுக்கும்: 12-லிருந்து 6-க்கு வந்திருந்தால் நல்ல போக்கு, 6-லிருந்து 9-க்கு ஏறியிருந்தால் ஊசி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இறுதிக் குணம் என்பதை 6 மாதம் கழித்தே சொல்ல முடியும். ஒரு மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் வரச் சொல்லுங்கள். முடிந்தால் ஒரு வருடம்வரை தொடருங்கள். இந்த நாட்களில் ஆர்கே39 கிட்டை எடுக்காதீர்கள். கோடு வரும், நோயாளி பயப்படுவார், தேவையில்லாத மருந்து ஏறும்.

இன்னொன்று, தோல். குணமான பிறகு முகத்தில், குறிப்பாக வாயைச் சுற்றி, வெளிறிய திட்டுகளோ சிறு முடிச்சுகளோ தோன்றலாம். சூடானில் பாதிப் பேருக்கு ஆறு மாதத்துக்குள் வந்து பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். தெற்காசியாவில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு, இரண்டு மூன்று வருடம் கழித்து வரும், தானாகப் போகாது. தொழுநோய் என்று நினைத்து அந்த மருந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். பஞ்சு நுனியால் திட்டைத் தொட்டுப் பாருங்கள். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி மங்கியிருக்கும், இதில் நன்றாகவே இருக்கும். தோலைக் கீறி எடுத்த ஸ்லைடில் அதே உட்கருவையும் கோலையும் தேடுங்கள். சிகிச்சை நீண்டது, மில்டெஃபோசின் என்றால் 12 வாரம். காய்ச்சலோ வலியோ இல்லாததால் இவர்கள் தாங்களாக வரமாட்டார்கள். ஆனால் அந்தத் திட்டில் கடிக்கும் மணல் ஈ ஒட்டுண்ணியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகும்.

ஆகவே டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் முழுப்பெயர், மொத்த அளவு, கொடுத்த தேதி, எடை, மண்ணீரல் அளவு, நோய் தொற்றிய ஊர் ஆகியவற்றோடு, நோயாளியின் மொழியிலேயே இரண்டு வரி எழுதிக் கொடுங்கள்: "காய்ச்சல் திரும்பினால் இந்தச் சீட்டோடு வரவும். எத்தனை வருடம் கழித்தானாலும் முகத்திலோ உடம்பிலோ வெளிறிய திட்டு தெரிந்தால் இந்தச் சீட்டைக் காட்டவும்."